டெண்டர் மாறியதில் அம்மாவின் கேரர்கள் போய்விட்டார்கள்: கவுன்சில் ஏஜென்சியை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது?

வடமேற்கு வாசி

வணக்கம். நான் இருப்பது லண்டன் வடமேற்கில். அம்மாவுக்கு 82 வயது, ஸ்ட்ரோக் வந்த பிறகு இடது கையும் காலும் ஒத்துழைப்பதில்லை. இல்லத்தில் விட மனமில்லாமல் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். கவுன்சில் ஏற்பாட்டில் ஒரு நாளைக்கு நாலு 'கால்' (கேரர் வந்துபோகும் முறையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), காலையில் 45 நிமிடம், மற்ற மூன்றும் அரை மணி. சில வருடங்களாக ஒரே ஏஜென்சிதான் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பெண் தமிழ். அம்மா அவர் வந்தால் மட்டும்தான் மறுபேச்சில்லாமல் குளிக்கப் போவார்.

போன மாதம் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம். ஒப்பந்தம் முடிந்தது, டெண்டர் விட்டோம், உங்கள் போஸ்ட்கோடுக்கு இனி வேறு நிறுவனம். அவ்வளவுதான். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது ஆட்கள் வர ஆரம்பித்தபின் மதியம் அரை மணி கால் என்று வந்தவர் 17 நிமிடத்தில் கிளம்பிப் போகிறார், வாசல் கேமராவில் நேரம் பதிவாகியிருக்கிறது, கேரர்கள் குறிப்பெழுத வீட்டில் வைத்திருக்கும் ஃபோல்டரில் மட்டும் 12.30 முதல் 1.00 வரை என்று அழகாக எழுதியிருக்கிறது. ஏஜென்சியைக் கேட்டால் நேரம் கவுன்சில் கொடுத்தது என்கிறார்கள், கவுன்சிலைக் கேட்டால் ஏஜென்சியிடம் புகார் கொடுங்கள் என்கிறார்கள்.

இந்த டெண்டர் எப்படி நடக்கிறது, விலையை மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுவார்களா, பழைய ஆட்களைத் திரும்பப் பெற வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கமிஷனர்

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் கமிஷனிங் டீமில், அதாவது கேர் சேவைகளை வெளியே வாங்கும் பிரிவில், பல வருடம் இருந்தேன், இப்போது இல்லை, அதனால் வாயைத் திறக்கலாம். கொஞ்சம் நீளமாக வரும்.

2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட்தான் அடிப்படை. உங்கள் அம்மாவுக்கு என்ன தேவை என்று மதிப்பிடுவதும், தகுதி இருந்தால் அது நிறைவேறுவதைப் பார்ப்பதும் கவுன்சிலின் கடமை. ஆனால் வேலையைத் தன் ஊழியர்களை வைத்தே செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தன் பகுதியில் நல்ல தரமான, நிலைத்து நிற்கக்கூடிய கேர் சந்தை ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள் என்கிறது. அதாவது கவுன்சில் ஒரே நேரத்தில் பெரிய வாங்குபவர், அந்தச் சந்தைக்கே காவல்காரர். இந்த இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் உங்கள் 17 நிமிடம் இருக்கிறது.

நடைமுறை இப்படி. கவுன்சில் தன் எல்லையைச் சில மண்டலங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒன்றிரண்டு முதன்மை ஏஜென்சிகள், அவர்களுக்கு அடுத்த வரிசையில் இன்னும் சிலர். நாலைந்து வருட ஒப்பந்தம், வேண்டுமென்றால் நீட்டிக்கலாம். அறிவிப்பு ஃபைண்ட் எ டெண்டர் என்ற அரசுத் தளத்தில் வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2025 பிப்ரவரி 24 முதல் புதிய புரொக்யூர்மென்ட் ஆக்ட் (அரசுக் கொள்முதல் சட்டம்) நடைமுறையில் இருக்கிறது, ஆனால் கேர் சேவைகளுக்குத் தளர்வான விதிகள்தான், எப்படி மதிப்பிடுவது என்பதில் கவுன்சிலுக்கு நிறையச் சுதந்திரம் உண்டு. அதனால் "சட்டம் எங்களை மலிவானவரை எடுக்கச் சொல்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விலை மட்டுமா என்று கேட்டீர்கள். இல்லை, ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, விலைக்கு 40, தரத்துக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். குறைந்த விலை கேட்டவருக்கு முழு 40. மணிக்கு 20 பவுண்டு கேட்டவர் அவர் என்றால், 24 கேட்டவருக்கு 40-ஐ 20-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்து 33.3. கிட்டத்தட்ட 7 மதிப்பெண் போச்சு. தரம் என்பது ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 12 மதிப்பெண், 0 முதல் 5 வரை புள்ளி. ஒரு புள்ளிக்கு 2.4 மதிப்பெண்தான். திருத்துகிறவர்கள் பாதிப்பேர் எல்லோருக்கும் 3 அல்லது 4 போட்டுவிடுவார்கள், 5 போட்டால் ஏன் என்று எழுத வேண்டும், 2 போட்டால் வக்கீல் கடிதம் வரும். அப்புறம் அந்த 7-ஐ எங்கே போய் ஈடுகட்டுவது? தாளில் 60 தரத்துக்கு, ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருவது விலையில்தான்.

இன்னொன்று, அந்தத் தரக் கேள்விகள் கட்டுரைப் போட்டி மாதிரிதான். "பணியாளர் தொடர்ச்சியை எவ்வாறு உறுதி செய்வீர்கள், 1000 சொற்களுக்குள்." பெரிய நிறுவனங்களில் இதை எழுதுவதற்கென்றே சம்பள ஆள் இருப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று திருத்தும் எங்களுக்கும் தெரியும், ஆனால் எழுதியதற்குத்தான் மதிப்பெண் போட முடியும், அந்த ஏஜென்சி பக்கத்துத் தெருவில் நன்றாகச் செய்கிறது என்று எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்தால்கூட அதைச் சேர்க்கக் கூடாது. சில கவுன்சில்கள் விலையைத் தாங்களே நிர்ணயித்துவிட்டு தரத்துக்கு மட்டும் போட்டி வைக்கின்றன. என்னைக் கேட்டால் அதுதான் சரி, விலை நியாயமாக இருந்தால்.

சின்ன ஏஜென்சிக்காரன்

கமிஷனர் அண்ணா கடைசி வரியில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போன "விலை நியாயமாக இருந்தால்" என்பதை நான் கொஞ்சம் விரிக்கிறேன். நான் சிறியதாக ஓர் ஏஜென்சி நடத்துகிறேன், கேர் தரத்தைக் கண்காணிக்கும் சிக்யூசி அமைப்பில் பதிவு உண்டு, கவுன்சில் வேலையும் எடுக்கிறேன்.

2025 ஏப்ரலில் சட்டப்படியான குறைந்த கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது, அதை வைத்தே கணக்குப் போடுகிறேன். கவுன்சில் மணிக்கு 22 கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் பார்ப்பவர்களுக்கு "மீதி பத்து பவுண்டு ஏஜென்சிக்காரன் பாக்கெட்டில்" என்றுதான் தோன்றும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரமும் வேலை நேரம்தான், அதற்கும் கூலி. ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை, அது கூலியில் 12 விழுக்காட்டுக்கு மேல். முதலாளி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் அதே ஏப்ரலில் 13.8-லிருந்து 15 ஆனது. அதைவிடப் பெரிய அடி, வருடத்துக்கு 9,100 பவுண்டுக்கு மேல் இருந்தால் கட்டு என்றிருந்ததை 5,000 ஆக இறக்கியது. கேரர்களில் பகுதிநேர ஆட்கள்தானே அதிகம். பென்ஷன், பெட்ரோல், பயிற்சி, கையுறை, காப்பீடு, சிக்யூசி கட்டணம், ரோட்டா (யார் எப்போது எந்த வீட்டுக்கு என்ற அட்டவணை) போடும் ஆளின் சம்பளம். ஹோம்கேர் அசோசியேஷன் என்ற எங்கள் துறை அமைப்பு வருடாவருடம் இதையெல்லாம் கூட்டி ஒரு குறைந்தபட்ச விலை சொல்கிறது. 2025–26-க்கு இங்கிலாந்தில் மணிக்கு 32.14 பவுண்டு. இதைவிடக் குறைவாகக் கொடுக்கும் கவுன்சில்கள் ஏராளம்.

இடைவெளியை எங்கே நிரப்புவார்கள்? வீட்டுக்கு வீடு போகும் நேரத்தில். ரோட்டாவில் ஒரு கால் 1 மணிக்கு முடிகிறது, அடுத்தது 1 மணிக்கே தொடங்குகிறது, நடுவில் இரண்டு மைல். அந்தக் கேரர் 12.47-க்குக் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். 17 நிமிடத்தின் கணக்கு இதுதான், அந்தப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு கொடுமை, ஃபிரேம்வொர்க்கில், அதாவது டெண்டரில் தேர்வான ஏஜென்சிகளின் பட்டியலில், பெயர் வந்துவிட்டது என்பதால் ஒரு மணி நேர வேலைகூட உத்தரவாதம் கிடையாது. எனக்கே உத்தரவாதம் இல்லாதபோது கேரருக்கு நான் எப்படி நிரந்தர மணி கொடுப்பது? ஜீரோ ஹவர் (இத்தனை மணி வேலை என்ற உறுதி இல்லாத) ஒப்பந்தம் போடுகிறான் என்று எங்களைத் திட்டுகிறார்கள், எங்களுக்குக் கவுன்சில் போட்டிருப்பதே அதுதான்.

கீரிமலை

இதெல்லாம் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகுது. கவுன்சில் தன்னுடைய ஆட்களை வைத்துச் செய்தால் இந்த டெண்டர், மார்க்ஸ், மண்டலம் ஒன்றும் தேவையில்லையே. நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவிக்கு ஹோம் ஹெல்ப் என்று ஒரு மனிசி வந்து போவா, கவுன்சில் வேலைக்காரி, வருசக்கணக்காக அதே ஆள், கடைக்கும் போய் வருவா, இருந்து கதைச்சுப்போட்டும் போவா. இப்ப என் மனைவிக்கு வருகிறவர்கள் கோட்டைக்கூடக் கழற்றுவதில்லை. ஏன் விட்டார்கள்?

பழைய கமிஷனர்

கீரிமலை ஐயா, விட்டதல்ல, விட வைத்தது. 1990-இல் வந்த தேசிய சுகாதார சேவை மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டம் 1993 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது மத்திய அரசு கவுன்சில்களுக்கு ஒரு சிறப்பு மானியம் கொடுத்தது. அதில் 85 விழுக்காட்டைத் தனியார், தொண்டு அமைப்புகளிடம்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை. அப்போது வீட்டுப் பராமரிப்பில் 95 விழுக்காடு கவுன்சில் ஊழியர்கள் செய்தது, 2012 வாக்கில் 11 விழுக்காடு ஆகிவிட்டது.

திரும்ப உள்ளே கொண்டுவரலாம், சட்டத்தில் தடையில்லை. மருத்துவமனையிலிருந்து வந்ததும் ஆறு வாரம் வரை இலவசமாகக் கொடுக்கும் ரீஏபிள்மென்ட்டை (பழையபடி தானாக இயங்கப் பழக்கும் உதவியை) இன்றும் பல கவுன்சில்கள் சொந்த ஆட்களை வைத்துத்தான் செய்கின்றன. ஆனால் கவுன்சில் ஊழியர் என்றால் கவுன்சில் சம்பள விகிதம், கவுன்சில் பென்ஷன், நோய் விடுப்பு எல்லாம் வரும், மணிக்கான செலவு எங்கேயோ போய்விடும். அது தவறான செலவு என்று நான் சொல்லவில்லை. நிதி அலுவலர் முன்னால் இரண்டு எண்களையும் வைத்தால் அவர் எதை எடுப்பார் என்று சொல்கிறேன்.

கீரிமலை

அப்ப மலிவாக இருப்பதற்குக் காரணம் கேரர்மாருக்குக் குறையக் கொடுப்பதுதான், வேறு கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. அதை நேராகச் சொல்லலாமே.

பழைய கமிஷனர்

பெருமளவுக்கு ஆமாம்.

நைட் ஷிப்ட்

நான் அந்த 17 நிமிடப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கம், ஊரில் நர்சிங் படித்தவள், 2023-இல் கேர் விசாவில் வந்தேன். முதல் ஏஜென்சி பெயர் வேண்டாம்.

காலை 6.30-க்கு முதல் வீடு. சாவி கீ-சேஃபில், நாலு எண் அழுத்தி எடுக்க வேண்டும். உள்ளே போனதும் ஃபோல்டரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை என் போனில் ஸ்கேன் பண்ணணும், அதிலிருந்துதான் நேரம் ஓடும், வெளியே வரும்போது மறுபடி. கவுன்சில் அந்த நிமிடங்களை வைத்துத்தான் ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்வார். 30 நிமிட காலில் 25-க்குக் கீழே போனால் ஏஜென்சிக்குப் பணம் வெட்டு, எனக்குப் போன் வரும். அதனால் சில பேர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துவைத்துக் காரில் உட்கார்ந்து ஸ்கேன் பண்ணுவதும் உண்டு. நியாயப்படுத்தவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். டபுள்-அப் கால் இருக்கிறதே, ஹாய்ஸ்ட் வைத்துத் தூக்கும் வீடு, இரண்டு பேர் இல்லாமல் தொடவே கூடாது. கூட வருகிறவள் பஸ்ஸில் மாட்டிக்கொண்டால் நான் அந்தப் பாட்டி பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும், அந்த 20 நிமிடம் அடுத்த மூன்று வீட்டில் கழியும்.

காலை 6.30-லிருந்து இரவு 10 வரை வெளியே இருந்தாலும் சம்பளம் வந்தது எட்டு மணி நேரத்துக்குத்தான். கேட்க முடியாது. என் விசாவுக்கு ஸ்பான்சர் அந்த ஏஜென்சி முதலாளிதான், அவர் கையை எடுத்தால் 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். என் கேள்வி கமிஷனர் சாருக்கு. இந்த மாதிரி ஏஜென்சிக்குக் கவுன்சில் எப்படி வேலை கொடுக்கிறது, யாரும் பேஸ்லிப் பார்ப்பதில்லையா?

பழைய கமிஷனர்

ஒப்பந்தத்தில் அதற்கு ஷரத்து இருக்கும் அம்மா. பயண நேரத்துக்குச் சம்பளம், நவீன அடிமைத்தன உறுதிமொழி எல்லாம். பார்ப்பது யார் என்பதுதான் கேள்வி. நாற்பது ஏஜென்சிகளுக்கு இரண்டு கான்ட்ராக்ட் மானிட்டரிங் ஆட்கள் இருந்தால் அவர்கள் போய்ப் பார்ப்பது பயிற்சிச் சான்றிதழும் மருந்துச் சார்ட்டும்தான். பேஸ்லிப்பையும் ரோட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கவுன்சில்களும் உண்டு, அதிகம் இல்லை.

பயண நேரம் குறைந்த கூலிக் கணக்கில் வரும் என்பது 2013-லேயே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2020-இல் ஹேரிங்கே கவுன்சிலுக்காக வேலை பார்த்த ஹோம்கேர் பெண்கள் தொழில் தீர்ப்பாயத்தில் வென்றார்கள், நடு நாளில் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து. சங்கத்தில் சேருங்கள். யூனிசன் தொழிற்சங்கம் 2012-இலேயே, கேரர்களை நியாயமாக நடத்தும்படி கவுன்சில்களைக் கேட்கும் நெறிமுறைப் பராமரிப்புச் சாசனம் என்று ஒன்று கொண்டுவந்தது, லண்டனில் சதர்க், இஸ்லிங்டன், கேம்டன் போன்ற கவுன்சில்கள் கையெழுத்திட்டன. கவுன்சில் கையெழுத்திட்டிருந்தால் அதைக் காட்டிக் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

நைட் ஷிப்ட்

சங்கத்தில் இருக்கிறேன் சார். நல்ல ஏஜென்சிக்கும் மாறிவிட்டேன். ஆனால் என்னோடு வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஸ்பான்சர் லைசென்சே ரத்தாகிவிட்டது. 2022 ஜூலையிலிருந்து 2024 முடிய கேர் துறையில் 470-க்கும் மேல் ரத்து செய்ததாக அரசே சொன்னது. 2025 ஜூலை 22-லிருந்து வெளிநாட்டிலிருந்து கேரர் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இனி இந்த விலைக்கு யார் வருவார் என்று டெண்டர் போடுகிறவர்கள் யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

மிட்லண்ட்ஸ் மாமா

கதை எல்லாம் சரி, அந்தத் தங்கை கேட்டதற்குப் பதில் சொல்வோம். டைரக்ட் பேமென்ட் கேளுங்கள் அம்மா. கேர் ஆக்ட் 31-ஆம் பிரிவு. கவுன்சில் அம்மாவுக்கென்று ஒதுக்கியிருக்கும் பணத்தை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள், அதை வைத்துப் பழைய ஏஜென்சியிடமே நீங்கள் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம், அவர்கள் கவுன்சில் பட்டியலில் இருக்க வேண்டும் என்றே அவசியமில்லை. எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் செய்கிறோம். அல்லது அந்தத் தமிழ்ப் பெண்ணையே நேரடியாக வேலைக்கு வைக்கலாம், அப்போது நீங்கள் முதலாளி. காப்பீடு, சம்பளக் கணக்கு, பென்ஷன் எல்லாம் உங்கள் தலையில், ஆனால் பல கவுன்சில்களில் பேரோல் பார்த்துக்கொடுக்க ஏற்பாடு உண்டு. ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவுக்கு மட்டும் பொதுவாக அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சின்ன ஏஜென்சிக்காரன்

மாமா சொல்வது சரி, ஆனால் ஒரு வெட்டு இருக்கிறது. கவுன்சில் டைரக்ட் பேமென்ட்டுக்கு ஒரு மணி விலை வைத்திருக்கும், பெரும்பாலும் தன் டெண்டர் விலையை ஒட்டி. பழைய ஏஜென்சி தனியாருக்கு 30 பவுண்டு கேட்டு கவுன்சில் 22-தான் தருகிறது என்றால் மீதி எட்டு யார் போடுவது? வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் வருகிறது இவர் அம்மாவுக்கு. பெருக்கிப் பாருங்கள், மாதம் 500 பவுண்டுக்கு மேல் கையைக் கடிக்கும்.

மிட்லண்ட்ஸ் மாமா

அங்கேதான் விடக் கூடாது. தேவையை நிறைவேற்றப் போதுமான தொகை கொடுக்க வேண்டும் என்பது சட்டம், "எங்கள் ரேட் இதுதான்" என்பது பதில் ஆகாது. 22-க்கு அம்மாவின் தேவைக்கு ஏற்ற ஆள் கிடைக்கவில்லை என்று எழுத்தில் காட்டுங்கள், இரண்டு மூன்று ஏஜென்சியிடம் இமெயிலில் விலை வாங்கி இணையுங்கள். எங்களுக்குக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள். முழுசாக இல்லை.

வடமேற்கு வாசி

எல்லோருக்கும் நன்றி, ஒரே மூச்சில் படித்தேன். அந்தக் கேரர் பெண்ணைப் பற்றி இனி வாசலில் முறைக்க மாட்டேன். இரண்டு சந்தேகம். தமிழ் பேசும் பெண் கேரர் வேண்டும் என்பதை உரிமையாகக் கேட்கலாமா, இல்லை அது சலுகையா? அப்புறம் புகார் யாருக்கு?

பழைய கமிஷனர்

தமிழ்: அம்மாவின் கேர் அண்ட் சப்போர்ட் பிளானை எடுத்துப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் புரோக்கரேஜ் டீம் (கவுன்சிலில் ஏஜென்சி தேடிக்கொடுக்கும் பிரிவு) ஏஜென்சிகளுக்கு அனுப்பும் இமெயிலில் போகும். "82 வயதுப் பெண், நாலு கால், இந்த போஸ்ட்கோடு, யார் எடுக்கிறீர்கள்" என்று போகும், முதலில் சரி என்றவருக்கு வேலை. "தமிழ் விரும்பத்தக்கது" என்று இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அம்மாவுக்கு ஆங்கிலம் நின்றுபோனதா, சொல்வது புரியாமல் மருந்தை மறுக்கிறாரா, குளிக்க மறுத்துத் தோல் புண்ணாகிறதா, இதையெல்லாம் தேவையாக எழுதச் சொல்லி மறுமதிப்பீடு கேளுங்கள். அப்போது ஆள் இல்லை என்று தட்டிக்கழிப்பது கஷ்டம்.

புகார்: கவுன்சிலுக்கு. ஏஜென்சி கவுன்சில் சார்பில் வருவதால் அதன் தவறு கவுன்சிலின் தவறாகத்தான் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஆம்பட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான புகாரை விசாரிக்கும் சுதந்திர அமைப்பு) பார்க்கும். ஏஜென்சியிடம் போ என்று அனுப்புவது தவறு. முதலில் கவுன்சிலின் முறையான புகார், அதன் பதில் திருப்தி இல்லை என்றால் ஆம்பட்ஸ்மன், பொதுவாக 12 மாதத்துக்குள். கேமரா நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள், ஏஜென்சியின் மின்னணுப் பதிவை அம்மா சார்பில் கேளுங்கள், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியதில்லை. அம்மா பங்குப் பணம் (கேர் செலவில் தன் பங்கு) கட்டுகிறார் என்றால், வராத நிமிடத்துக்கும் பில் போட்டார்களா என்று பாருங்கள்.

கீரிமலை

தங்கச்சி, பங்குப் பணம் என்றதும் ஞாபகம் வந்தது. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் நாங்கள்தான். ஆனால் வீட்டில் இருந்து கேர் வாங்கும்போது சொந்த வீட்டின் பெறுமதியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எங்கட ஆட்கள் நிறையப் பேர் வீடு போய்விடும் என்ற பயத்தில் மதிப்பீட்டுக்கே போகாமல் இருக்கினம். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (உதவி தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் காசு) எடுக்காவிட்டால் அதையும் எடுங்கோ. ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில் 2015 தொடக்கம் வீட்டுக் கேருக்குக் காசே வாங்குவதில்லை, மனம் இருந்தால் செய்யலாம் என்பதற்குச் சொல்கிறேன்.

நைட் ஷிப்ட்

அக்கா, இன்னொன்று. ஒப்பந்தம் கை மாறும்போது அந்த வேலையையே முழுக்கப் பார்த்த கேரர்கள் ட்யூபி (வேலை வேறு நிறுவனத்துக்கு மாறினால் ஊழியரைப் பாதுகாக்கும்) விதிப்படி புது ஏஜென்சிக்கு அதே சம்பளத்தில் போகலாம். அந்தத் தமிழ்ப் பெண்ணிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விசாவில் இருந்தால் புது ஏஜென்சிக்கு ஸ்பான்சர் லைசென்ஸ் இருக்கணும். அவர் நம்பர் உங்களிடம் இருந்தால் முதலில் அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள், அதன் பிறகு டைரக்ட் பேமென்ட்டுக்குப் போங்கள்.

வடமேற்கு வாசி

நம்பர் இருக்கிறது. இன்றைக்கே கேட்கிறேன். மறுமதிப்பீட்டுக்கு சோஷல் வர்க்கர் வரும்போது டெண்டர் ஆவணங்களையும் கேட்கலாமா, இல்லை அதற்குத் தனியாக எழுத வேண்டுமா?

பழைய கமிஷனர்

தனியாக. சோஷல் வர்க்கருக்கு அது தெரியாது. கவுன்சில் தளத்தில் கேபினட் கூட்ட அறிக்கைகளில் "ஹோம்கேர் கான்ட்ராக்ட் அவார்ட்" என்று தேடுங்கள், விலை, தர விகிதம் அதில் இருக்கும், ஏஜென்சிவாரி விலையை மட்டும் மறைத்து வைத்திருப்பார்கள். இல்லாததைத் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேளுங்கள், 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கேட்கும்போது சராசரி மணி விலையும், ஒப்பந்தத்தில் பயண நேரத்துக்கு எவ்வளவு கணக்கிட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை இங்கே ஒட்டுங்கள், எனக்கும் பார்க்க வேண்டும்.